விறகுக்கு ஜாதி பார்க்க வேண்டாம்

கும்பகோணத்தில் என் தகப்பனார் விறகுத் தொட்டி வைத்திருந்தார். அந்தக் காலத்து ஆட்களுக்கு விறகுத் தொட்டி என்றால் தனியாக விளக்க வேண்டாம். பெரிய தராசு, இரும்புப் படிக்கல், ஒரு பக்கம் சவுக்கு, ஒரு பக்கம் புளி, இன்னொரு மூலையில் கருவேலம், மா, கலப்புக் கட்டை. கோடாலி போடுகிறவர் ஒருவர், வண்டி இழுக்கிறவர் ஒருவர். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து கல்லாவில் உட்காருவேன்.

பிறகு படித்து நெய்வேலி அனல் மின் நிலையத்தில் பாய்லர் பகுதியில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றேன். ஆக, பிறந்ததிலிருந்து எதையாவது எரித்தே சாப்பிட்டவன் நான். அந்தத் தகுதியில் இன்று ஒரு விஷயம் சொல்கிறேன்: விறகில் உயர்ந்த ஜாதி, தாழ்ந்த ஜாதி என்று பார்ப்பது தப்பு. ஈரமா, காய்ந்ததா என்று பார்ப்பதுதான் முக்கியம். இதை நான் சரியாக உணர்ந்தது நம் ஊரில் அல்ல, அமெரிக்காவில், எழுபது வயதைத் தாண்டிய பிறகு.

என் மகள் குடும்பம் ஓரிகன் மாநிலத்தில் யூஜீன் ஊருக்கு வெளியே இருக்கிறது. அதற்கு முன் பத்து வருஷம் ஒஹாயோவில் இருந்தார்கள். 2023 அக்டோபரில் நானும் என் மனைவியும் ஆறு மாதத்துக்குப் போயிருந்தோம். வீட்டைச் சுற்றி எங்கு பார்த்தாலும் டக்ளஸ் ஃபர் மரம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். 1939-லிருந்து அந்த மாநிலத்தின் மரமே அதுதான். பெயரில் ஃபர் என்று இருந்தாலும் தாவர நூல்படி அது அசல் ஃபர் இனம் அல்ல, வேறு ஒரு இனம். ஊரில் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, ஃபர் என்றே சொல்கிறார்கள்.

மகள் வீட்டுக் கொல்லையில் இரண்டு வருஷத்துக்கு முன் விழுந்த ஃபர் மரம் ஒன்று துண்டு போட்டபடியே கிடந்தது. "இதை ஏன்மா இப்படிப் போட்டு வைத்திருக்கிறாய், அடுப்புக்கு ஆகுமே?" என்றேன்.

"ஐயோ அப்பா, அது மென்மரம். பிசின் இருக்கும். புகைபோக்கியில் ஒட்டிக்கொண்டு தீப்பிடிக்கும். ஒஹாயோவில் எல்லோரும் சொல்வார்கள், ஓக் மாதிரி வன்மரம்தான் எரிக்க வேண்டும் என்று" என்றாள். அந்த ஃபர் கட்டையைக் காசு கொடுத்து அள்ளிப் போகச் சொல்லவும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அதே வாரம் ஒரு வியாபாரியிடம், ஃபர் விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுத்து ஓக் விறகு ஒரு லோடு வாங்கி அடுக்கினார்கள். "இரண்டு வருஷம் காய்ந்தது" என்று அவர் சொன்னாராம்.

ஒரு கட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கனமாக இருந்தது. இன்னொன்றோடு தட்டிப் பார்த்தேன். காய்ந்த விறகு 'டங்' என்று கேட்கும். இது 'தொப்' என்றது. விறகுத் தொட்டிக்காரன் மகனுக்கு இது போதும். ஆனால் மாப்பிள்ளை பணம் கொடுத்து வாங்கியது, வந்த இடத்தில் குறை சொல்ல வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அது என் தப்பு.

2024 ஜனவரி இரண்டாவது வாரம் அந்தப் பக்கம் பனிமழை பெய்தது. பனி அல்ல, மழைதான். ஆனால் விழுந்த இடத்தில் உறைந்து கண்ணாடியாகிவிடும். மரக்கிளைகள் பாரம் தாங்காமல் துப்பாக்கி வெடிப்பது போல முறிந்து மின்கம்பிகள் மேல் விழுந்தன. சனிக்கிழமை எங்கள் வீட்டில் கரண்ட் போனது. ஹீட்டர் நின்றது. மிச்சம் இருந்தது கூடத்தில் உள்ள இரும்பு விறகு அடுப்பு ஒன்றுதான். வீட்டில் ஐந்து பேர். பேத்திக்கு நாலு வயது.

அந்த ஓக் விறகு எரியவில்லை. நுனியில் நுரை தள்ளி 'சுஸ்' என்று சீறியது. அடுப்பின் கண்ணாடி ஒரு மணி நேரத்தில் கறுத்தது. கதவைத் திறந்தால் கூடம் முழுக்கப் புகை. இரவு நெடுநேரம் தணல் நிற்கட்டும் என்று மகள் காற்று வரும் துவாரத்தையும் குறைத்து வைத்தாள். விடிந்தபோது வீட்டுக்குள் நாங்கள் விட்ட மூச்சு ஆவியாகத் தெரிந்தது.

மறுநாள் போகி. பக்கத்து வீட்டுப் பெரியவர், மர அறுவை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கைவண்டியில் விறகு தள்ளிக்கொண்டு வந்தார். எல்லாம் டக்ளஸ் ஃபர். இரண்டு கோடை கொட்டகையில் காய்ந்தது. மகள் தயங்கினாள். அவர் சிரித்தார். "என் தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் இதுதான் எரிகிறது. நாங்கள் எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறோம்" என்றார். ஒரு கட்டை வைத்த பத்து நிமிடத்தில் தீ மஞ்சளாக எழும்பியது. கறுத்த கண்ணாடி தானாகவே வெளுக்க ஆரம்பித்தது. மறுநாள் பொங்கல் அந்த இரும்பு அடுப்பின் தலைமேல்தான் பொங்கியது. பேத்திதான் முதலில் பார்த்துக் கத்தினாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் 'ஃபர் வாழ்க' என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். கரண்ட் வந்து பத்து நாள் கழித்துப் புகைபோக்கி சுத்தம் செய்பவர் வந்தார். கம்பித் தூரிகையை விட்டு இழுத்தார். தார் காய்ந்தது போல மினுமினுப்பாகக் கறுப்புச் செதில்கள் அரை வாளி விழுந்தன. கிரியோசோட் என்கிறார்கள். "என்ன எரித்தீர்கள்?" என்று கேட்டார். "கடைசி நாலு நாள் ஃபர்" என்றாள் மகள், குற்றம் செய்தவள் போல. "அதற்கு முன்?" "இரண்டு மாதமாக ஓக்." அவர் வெளியே போய் ஓக் விறகைப் பிளந்து, உள்பக்கத்தில் இரண்டு ஊசி உள்ள சின்னக் கருவியைக் குத்தினார். நாற்பதுக்கு மேல் காட்டியது. எரிக்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அங்கே அரசாங்கமே சொல்லும் கணக்கு.

அப்போது அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு வயிறு கலங்கியது. இரண்டு மாதம் ஈர ஓக் புகைந்து புகைபோக்கிக்குள் கிரியோசோட்டை அப்பி வைத்திருக்கிறது. அதன்மேல் திடீரென்று காய்ந்த ஃபர் வைத்து நல்ல தீ எழுப்பினால், அந்த வெப்பத்தில் கிரியோசோட் பற்றிக்கொள்ளும். புகைபோக்கிக்குள் பிடிக்கும் தீ ஆயிரம் டிகிரி செல்சியஸைக்கூடத் தொடும். கூரை மரத்தில் பற்றினால் வீடு மிஞ்சாது. போகியன்று எங்கள் வீட்டில் அது நடக்காதது எங்கள் அதிர்ஷ்டம்.

அப்படி நடந்திருந்தால் ஊர் என்ன சொல்லியிருக்கும்? "ஃபர் எரித்தார்கள், தீப்பிடித்தது" என்றுதான். கெட்ட பெயர் இப்படித்தான் வருகிறது. மாதக்கணக்கில் கெடுதல் செய்தவன் ஒருவன், கடைசியில் வந்தவன் தலையில் பழி.

சரி, இதன் கணக்கைப் பார்ப்போம். கிரியோசோட் பிசினிலிருந்து வருவதல்ல. அரைகுறையாக எரிந்த புகை, குளிர்ந்த குழாயில் படிந்து உறைவதுதான் அது. எந்த மரமானாலும் சூடேறும்போது ஆவிகளை வெளிவிடும். ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் சூடும் போதிய காற்றும் இருந்தால் அந்த ஆவிகள் அடுப்புக்குள்ளேயே எரிந்து வெப்பம் தரும். விறகில் தண்ணீர் இருந்தால் தீயின் சூடு ஏறாது. ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்கி வெளியே அனுப்ப 600 கிலோ கலோரிக்கு மேல் செலவு. அந்தச் செலவுகூடப் பெரிதில்லை. சூடு ஏறாததால் எரியாமல் தப்பிப் போகும் புகைதான் பெரிய நஷ்டம். நெய்வேலியில் எங்களுக்கு வந்த பழுப்பு நிலக்கரியில் பாதி எடை தண்ணீர்தான். அதை எரிக்க என்ன பாடுபட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஃபரின் பிசினோ, நல்ல சூட்டில் தானே எரிந்து கொஞ்சம் கூடுதல் வெப்பமும் தரும்.

அடுத்தது, வன்மரம், மென்மரம் என்ற பெயர்கள். இவை கடினத்தை வைத்து வந்த பிரிவு அல்ல. பூத்து, விதையைக் காய்க்குள் மூடி வைக்கும் அகன்ற இலை மரங்கள் வன்மரம். ஊசியிலையும் கூம்பும் உள்ளவை மென்மரம். இந்தக் கணக்கில் பார்த்தால் நம் கொல்லை முருங்கை வன்மரம்! இலவம் வன்மரம்! ஒரு விரலால் தூக்கக்கூடிய பால்சாவும் வன்மரம். முருங்கைக் கட்டையை விறகென்று என் அப்பாவிடம் கொண்டுவந்தால் வண்டியோடு திருப்பி அனுப்பிவிடுவார். இன்னொரு வேடிக்கை, சவுக்கு. பார்த்தால் ஊசியிலை மரம் போல இருக்கும், ஆனால் அது வன்மரம். விறகுக்கு அதை மிஞ்ச ஆள் குறைவு.

அப்படியானால் ஓக் உயர்ந்தது என்று சொல்பவர்கள் எல்லோரும் முட்டாள்களா? இல்லை. விற்கிற அளவைப் பாருங்கள், விஷயம் புரியும். நம் ஊரில் விறகு எடைக்கு விற்றோம். அங்கே கன அளவுக்கு விற்கிறார்கள். 4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளம் அடுக்கினால் ஒரு கார்ட், 128 கன அடி. நன்றாகக் காய்ந்த எந்த மரமும் கிலோவுக்குத் தரும் வெப்பம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஈரமே இல்லாத கணக்கில் சுமார் 4500 கிலோ கலோரி. ஆனால் ஒரு கன மீட்டர் டக்ளஸ் ஃபர் சுமார் 500 கிலோ, ஓக் 700 கிலோவுக்கு மேல். ஆகவே கார்ட் கணக்கில் வாங்கினால் ஓக்கில் வெப்பம் கூடுதல், அதற்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயம். ஓக் இரண்டு முறை போடும் இடத்தில் ஃபர் மூன்று முறை போட வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

எடைக்கு விற்கும் ஊரில் வேறு ஒரு தொல்லை. தண்ணீருக்கும் விலை கிடைக்கும். விறகுக் கடைக்காரன் இரவில் தண்ணீர் தெளிக்கிறான் என்று ஊரில் பேசுவார்கள். எங்கள் தொட்டியில் தெளித்ததில்லை. ஆனால் மழை பெய்தால் அப்பா அவசரப்பட்டு ஓலை போட்டு மூடியதும் இல்லை. இதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஃபருக்கும் குறை உண்டு. படபடவென்று பொறி பறக்கும், ஆகவே கதவில்லாத கணப்பில் வலை இல்லாமல் எரிக்கக் கூடாது. தணல் நெடுநேரம் நிற்காது. அடுப்பும் சரியாக இருக்க வேண்டும். சான்று பெறாத பழைய அடுப்பு மணிக்கு 15 முதல் 30 கிராம் வரை புகைத்துகள் கக்கும். 2020-க்குப் பிறகு அமெரிக்காவில் விற்கும் அடுப்புக்கு 2 முதல் 2.5 கிராம்தான் உச்சவரம்பு. ஓரிகனில் 2010-லிருந்து, வீட்டை விற்கும்போது சான்றில்லாத பழைய விறகு அடுப்பை எடுத்துவிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நல்ல சட்டம்.

நம் இமயமலைப் பக்கத்துப் பெண்கள் பைன் விறகை ஒதுக்கி ஓக் வகையான பாஞ்ச் மரத்தைத் தேடிப் போவார்கள். அவர்கள் செய்வது சரி. புகைபோக்கி இல்லாத திறந்த அடுப்பில் பிசின் புகை நேராகக் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் வரும். ஆனால் மூடிய அடுப்பு, உயரமான புகைபோக்கி, காய்ந்த கட்டை மூன்றும் இருக்கும் வீட்டுக்கு அந்த நியாயத்தைக் கொண்டுவருவது பொருந்தாது. சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் ஊசியிலை விறகை எரித்துத்தான் எத்தனையோ தலைமுறை குளிரைக் கடந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓரிகனில் மரம் செத்துக்கொண்டிருக்கிறது. 2021 ஜூன் கடைசியில் போர்ட்லாந்தில் 116 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில் அடித்தது, நம் வேலூர்க்காரரே மிரளும் வெயில். வறட்சியும் பூச்சியும் சேர்ந்துகொண்டன. 2022-இல் விமானத்திலிருந்து பார்த்துக் கணக்கெடுத்தபோது 10 லட்சம் ஏக்கருக்கு மேலான காட்டில் ஃபர் மரங்கள் பட்டுப்போயிருந்தன. எல்லாவற்றையும் வெட்டி எரியுங்கள் என்று நான் சொல்லவில்லை. பட்ட மரம் மரங்கொத்திக்கு வீடு. ஆனால் வீட்டோரம், சாலையோரம் விழுந்ததைக் காசு கொடுத்து அப்புறப்படுத்திவிட்டு, தூரத்திலிருந்து லாரியில் ஓக் வரவழைப்பது என்ன புத்தி? விறகை ஊர்விட்டு ஊர் கொண்டுபோவதால் பூச்சியும் கூடவே போகிறது. ஆஷ் மரங்களைக் கொல்லும் பச்சை வண்டு 2022-இல் ஓரிகனுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அந்தந்த மண்ணில் விளைந்ததை அங்கேயே காயவைத்து எரிப்பதுதான் முறை.

கடைசியாக, நான் இத்தனை அழுத்திச் சொல்வதற்கு உள்ள காரணம்.

எங்கள் தொட்டியில் நல்ல சவுக்கும் புளியும் விற்பனைக்கு. விலை போகாத நனைந்த கட்டை, பட்டை, செத்தை எங்கள் வீட்டு அடுப்புக்கு. அம்மா விடியற்காலையில் ஊதுகுழலை வைத்து ஊதிக்கொண்டே இருப்பாள். சமையலறைக்குப் புகைபோக்கி கிடையாது, கூரையில் இரண்டு ஓடு தள்ளி வைத்திருக்கும். எப்போதும் இருமல். "விறகுக்கடை வீட்டிலே விறகுக்குப் பஞ்சம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். எனக்கு வேலை கிடைத்து 1978-இல் காஸ் அடுப்பு வாங்கிக் கொடுத்தேன். அதன் பிறகு அவள் அதிக நாள் இருக்கவில்லை. மூச்சுத் திணறல்தான்.

நெய்வேலியில் தினமும் நிலக்கரியின் ஈரத்தை அளந்து பதிவேட்டில் எழுதினேன். அம்மா அடுப்பில் வைத்த கட்டையின் ஈரத்தைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. பரண்மேல் பத்து நாள் ஏற்றி வைத்திருந்தால் காய்ந்திருக்கும். அதற்குக் காசு வேண்டாம், கொஞ்சம் அக்கறை இருந்தால் போதும்.

யூஜீனில் அந்தப் பதினைந்தாம் நாள் ஃபர் தீ பளிச்சென்று புகையில்லாமல் எரிந்தபோது எனக்கு அந்த ஊதுகுழல்தான் ஞாபகம் வந்தது.

ஆகவே நண்பர்களே, குளிர் தேசத்தில் பிள்ளைகள் இருந்தால் சொல்லுங்கள். பிளந்து அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றுப் போக விடச் சொல்லுங்கள். ஃபருக்கு ஒரு நல்ல கோடை போதும், ஓக்குக்கு இரண்டு வருஷம் ஆகும். விற்பவர் வாக்கை நம்பாமல் ஒரு கட்டையைப் பிளந்து உள்ளே அளக்கச் சொல்லுங்கள். வருஷம் ஒருமுறை புகைபோக்கியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். நம் ஊரிலும் கல்யாணச் சமையலுக்கோ வெந்நீர் அடுப்புக்கோ விறகு வாங்குபவர்கள், என்ன மரம் என்று கேட்பதற்கு முன் இரண்டு கட்டையைத் தட்டிப் பாருங்கள்.

மகள் வீட்டுக் கொல்லையில் கிடந்த அந்த ஃபர் மரத்தை யாரும் அள்ளிப் போகவில்லை. நான் ஊர் திரும்புமுன் மாப்பிள்ளையும் நானும் பிளந்து அடுக்கினோம். "மாமா, நீங்கள் அந்த ஓக்கைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாமே" என்றார் அவர்.

சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன்.